எண் சொல்லும் நோயும் எலும்பு சொல்லும் நோயும்

செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்காரச் சொல்வார்கள். குதிகாலில் சில்லென்று பசையைத் தடவி, சின்னப் பெட்டி மாதிரி ஒரு கருவிக்குள் காலை வைக்கச் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டை போட்ட துண்டுச் சீட்டு வெளியே வரும். சிவப்பில் ஒரு புள்ளி, பக்கத்தில் மைனஸ் 2.7 என்று ஓர் எண். “எலும்பு தேஞ்சிபோயிருக்கும்மா, மாத்திரை எழுதித் தரேன், விடாம சாப்பிடுங்க.” தமிழ்நாட்டுச் சிறு நகரங்களின் கல்யாண மண்டபங்களில் நடக்கும் இலவச எலும்பு அடர்த்தி முகாம்கள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. ஜவ்வாது மலையிலிருந்து புளியும் சாமையும் விற்கப் போளூருக்கு இறங்கிய 60 வயது அம்மாள் ஒருவர் அப்படி ஒரு சீட்டோடு வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மாத்திரையை அவர் சாப்பிடலாமா?

‘டாக்டர் சொன்னால் சாப்பிட வேண்டியதுதானே’ என்பது ஒரு பதில். ‘எல்லாம் மருந்துக் கம்பெனி வேலை, கேழ்வரகுக் களி தின்றால் போதும்’ என்பது இன்னொன்று. இரண்டும் யோசிக்கிற வேலையை மிச்சப்படுத்துகின்றன. அதனால்தான் இரண்டுக்கும் இவ்வளவு ஆதரவு.

சீட்டிலிருந்தே தொடங்கலாம். மைனஸ் 2.5-ஐத் தொட்டால் எலும்புப்புரை என்ற கோடு, டெக்ஸா என்னும் எக்ஸ்ரே கருவியால் இடுப்பையும் முதுகெலும்பையும் அளப்பதற்காகப் போட்டது. குதிகாலில் ஒலியலை செலுத்திப் பெறும் எண்ணுக்கு அந்தக் கோடு பொருந்தாது. ஆக, அந்தச் சீட்டை வைத்து யாருக்கும் நோய் இருப்பதாக முடிவு கட்ட முடியாது. போய் ஒழுங்காக அளந்து பார் என்று வேண்டுமானால் அது சொல்லலாம். அளப்பதற்கு வேலூர் மாதிரி ஊருக்குப் போக வேண்டும். ஜவ்வாது மலைத்தொடரின் காவலூரில் 1986-லிருந்து 2.34 மீட்டர் தொலைநோக்கி வானத்தை அளந்துகொண்டிருக்கிறது. நட்சத்திரத்தை அளக்கிற கருவி மலையேறிவிட்டது. இடுப்பை அளக்கப் பாட்டிதான் கீழே இறங்க வேண்டியிருக்கிறது.

டெக்ஸாவின் கோடும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1992-இல் ரோம் நகரில் கூடிய நிபுணர்கள் பேசி முடிவெடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் அறிக்கையாக வெளியிட்டது. இளம் வெள்ளைக்காரப் பெண்ணின் எலும்பை அளவுகோலாக வைத்து, அதிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறாய் என்று சொல்வதுதான் டி-ஸ்கோர். அடுத்த ஆண்டே மெர்க் நிறுவனத்தின் அலெண்ட்ரோனேட் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த 1995-லேயே எலும்பை அளக்கும் கருவிகளைப் பரவலாக்க மெர்க் தனியாக ஓர் அமைப்பையும் தொடங்கியது. அளக்கும் இடம் பெருகினால் நோயாளி பெருகுவார், நோயாளி பெருகினால் மாத்திரை விற்கும். கணக்கு எளிது. சந்தேகப்படுகிறவர்களுக்கு இங்கே நியாயம் இருக்கிறது. ஆனால் விற்பவனின் நோக்கத்தை வைத்து மருந்தின் பலனைத் தீர்மானிக்க முடியாது. இரண்டையும் தனித்தனியாகத்தான் எடை போட வேண்டும். நம்மூர் விவாதங்கள் சறுக்குவது அங்கேதான்.

நமக்கு மிக அருகில் நடந்த கணக்கெடுப்பு வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் நாளமில்லாச் சுரப்பித் துறை 2008-இல் வெளியிட்டது. நடமாட்டத்தில் இருந்த, மாதவிடாய் நின்ற 150 பெண்களை அளந்தார்கள். முதுகெலும்பில் பார்த்தபோது 48 சதவீதம் பேருக்கு எலும்புப்புரை. அதே பெண்களுக்கு இடுப்பின் தொடை எலும்புக் கழுத்தில் பார்த்தபோது 16.7 சதவீதம்தான். ஏதாவது ஓரிடத்தில் இருந்தால் போதும் என்று எடுத்தால் சரிபாதிப் பேர் நோயாளிகள். பாதிப் பேருக்கு வைட்டமின் டி பற்றாக்குறை என்பதும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. வேலூர் வெயிலில் இது எப்படி என்று கேட்கத் தோன்றும், ஆனால் அதுதான் நிலைமை.

எங்கே அளக்கிறோம் என்பதைப் பொறுத்து நோயாளிகளின் தொகை மூன்று மடங்கு மாறுகிறது என்றால், அந்த எண்ணை எவ்வளவு நம்புவது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் பல மையங்களில் ஆரோக்கியமான இளம் இந்தியர்களை அளந்து பார்த்தது. அவர்களின் உச்ச எலும்பு அடர்த்தியே வெள்ளையர்களைவிடக் குறைவாக இருந்தது. அதாவது வெளிநாட்டு அளவுகோலை வைத்தால் நம்மில் பலர் இளமையிலேயே சில படிகள் கீழே நிற்கிறோம். இன்னொரு சிக்கலும் உண்டு. டெக்ஸா எலும்பின் நிழலைப் பார்த்து, பரப்பளவுக்கு எவ்வளவு தாது என்று கணக்கிடுகிறது. கன அளவை அது காண்பதில்லை. சிறிய உடல்வாகு கொண்டவரின் சிறிய எலும்பு, உள்ளே நன்றாகவே இருந்தாலும், நிழலில் மெலிந்ததாகத் தெரியும். குள்ளமான, ஒல்லியான மலைவாழ் பெண் இந்தக் கருவிக்குமுன் பாதித் தோல்வியோடுதான் படுக்கிறார். ஒல்லியாக இருப்பதே எலும்பு முறிவுக்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்று என்பதையும் மறைக்கக் கூடாது. கருவி மிகைப்படுத்தக்கூடும், முழுப் பொய் சொல்வதில்லை.

கடைசியில் கேள்வி எண் அல்ல, முறிவு. ஹரியானாவின் ரோத்தக் மாவட்டத்தில் 2009-இல் இடுப்பெலும்பு முறிவுகளை எண்ணினார்கள். 50 வயதைத் தாண்டிய பெண்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 159 பேர், ஆண்களில் 105 பேர். ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதைப்போல் சில மடங்கு. ஆய்வுக்கூடத்தில் பாதிப் பெண்கள் நோயாளிகள். தெருவில் எண்ணினால் முறிவு அந்த அளவுக்கு இல்லை. மருந்தின் பலனைக் கணக்கிடும்போது இந்த இடைவெளி முக்கியம். ஆபத்து குறைவாக இருக்கும் இடத்தில் மருந்து தடுப்பதற்கே குறைவாகத்தான் இருக்கும்.

மருந்து எவ்வளவு தடுக்கிறது? 1996-இல் லான்செட் இதழில் வந்த அலெண்ட்ரோனேட் ஆய்வை எடுத்துக்கொள்வோம். அதில் சேர்ந்த 2,027 பெண்களுக்கும் ஏற்கெனவே முதுகெலும்பில் ஒரு முறிவு இருந்தது. மூன்றாண்டுகளில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம் பேருக்கு முதுகெலும்பில் புதிய முறிவு. மருந்து சாப்பிட்டவர்களில் 8 சதவீதம். இடுப்பு முறிவு 2.2-லிருந்து 1.1 சதவீதமாக இறங்கியது. ‘இடுப்பு முறிவைப் பாதியாகக் குறைக்கிறது’ என்று விளம்பரம் சொல்வது இதைத்தான். பொய்யில்லை. ஆனால் அதையே வேறுவிதமாகச் சொன்னால், ஆயிரம் பெண்கள் மூன்றாண்டு சாப்பிட்டதில் 11 பேரின் இடுப்பு தப்பியது. முதுகெலும்பிலோ 14 பேர் சாப்பிட்டால் ஒருவர் தப்பினார். இது பெரிய பலன். எந்த மருந்துக்கும் கிடைத்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய பலன்.

இதே ஆய்வின் மறுபாதி 1998-இல் வந்தது. அதில் சேர்ந்த 4,432 பெண்களுக்கு எண் குறைவு, ஆனால் முதுகெலும்பு முறிந்ததில்லை. டி-ஸ்கோர் மைனஸ் 2.5-ஐயும் தாண்டிக் கீழே இருந்தவர்களுக்கு வெளிப்படத் தெரிந்த முறிவுகள் 36 சதவீதம் குறைந்தன. அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தவர்களுக்குப் பலன் தென்படவில்லை. நான் இந்த விவகாரத்தில் அதிகம் எடை கொடுப்பது இந்த இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்குத்தான். மருந்து ஒன்றே, கம்பெனி ஒன்றே. முறிந்தவருக்கு நிறையச் செய்கிறது. எண் மட்டும் கொஞ்சம் குறைந்தவருக்கு ஒன்றும் செய்யவில்லை.

எதிர்த்தரப்புக்கும் ஒரு வலுவான சாட்சி உண்டு. 2018-இல் வெளியான நியூசிலாந்து ஆய்வில், 65 வயதைத் தாண்டிய 2,000 பெண்களிடம், எலும்பு ‘கொஞ்சம் மெலிவு’ என்ற நிலையில் இருந்தவர்களிடம், 18 மாதத்துக்கு ஒருமுறை சோலிட்ரோனிக் அமிலம் என்னும் இன்னொரு எலும்பு மருந்தை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். ஆறாண்டில் ஊசி பெற்றவர்களில் 122 பேருக்கும் பெறாதவர்களில் 190 பேருக்கும் முறிவு. அப்படியானால் மைனஸ் 2.5 வரும்வரை காத்திருப்பானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மருந்தில்லாதவர்களில் ஆறாண்டில் 19 சதவீதம் பேருக்கு முறிவு நேர்கிற சமூகம் அது. அடிப்படை ஆபத்து அவ்வளவு இல்லாத இடத்துக்கு அதே விகிதத்தைத் தூக்கிவந்தாலும் தப்புகிறவர்களின் எண்ணிக்கை சுருங்கும்; பக்கவிளைவோ அப்படிச் சுருங்காது.

அந்தப் பக்கவிளைவு நம்மைப் பொறுத்தவரை பெருகவும் செய்கிறது. எலும்பைக் கரைக்கும் செல்களை இந்த மருந்துகள் அடக்குகின்றன. பழைய எலும்பு உடைபட்டுப் புதிது கட்டப்படுவதும் அதனால் மெதுவாகிறது. ஆண்டுக்கணக்கில் அடக்கினால் நுண்ணிய விரிசல்கள் பழுதுபார்க்கப்படாமல் சேர்ந்து, ஒருநாள் தொடையெலும்பின் தண்டே குறுக்காக முறியலாம். கலிஃபோர்னியாவின் கைசர் மருத்துவ அமைப்பில் 1,96,129 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் கணக்கிட்டது. மொத்தம் 277 பேருக்கு அத்தகைய முறிவு. மூன்றாண்டு மருந்து எடுத்த பத்தாயிரம் வெள்ளைப் பெண்களில் 149 இடுப்பு முறிவுகள் தடுக்கப்பட, 2 தொடை முறிவுகள் மருந்தால் வந்தன. ஆசிய வம்சாவளிப் பெண்களில் தடுக்கப்பட்டது 91, வந்தது 8. அங்கே எழுபதுக்கு ஒன்று என்றிருந்த லாபக் கணக்கு இங்கே பதினொன்றுக்கு ஒன்று. ஆசியர் என்ற அந்தப் பட்டியலில் நம்மவர் எவ்வளவு பேர் என்ற கேள்வி எழத்தான் செய்யும். இருந்தாலும் மெத்தனமாக இருக்க அது காரணமாகாது. எட்டாண்டைத் தாண்டினால் இந்த ஆபத்து பலமடங்கு ஏறுகிறது, மருந்தை நிறுத்தினால் வேகமாக இறங்குகிறது என்பதும் அதே ஆய்வு சொன்னதுதான்.

ஆகவே ‘விடாம சாப்பிடுங்க’ என்ற அந்த ஒற்றை வாக்கியம்தான் முகாம் சீட்டிலேயே ஆபத்தான பகுதி. மாத்திரையென்றால் ஐந்தாண்டு, ஊசியென்றால் மூன்றாண்டு, பிறகு நிறுத்தி யோசிப்பது: இதுதான் இன்றைய நடைமுறை. எலும்பில் படிந்த மருந்து நிறுத்திய பின்னும் சில ஆண்டு வேலை செய்யும். இந்த மருந்துகளால் தாடையெலும்பு அழுகும் என்ற பயம் தொடை முறிவைவிடப் பெரிதாகப் பேசப்படுகிறது. எலும்புப்புரைக்கான அளவில் அது ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு. ஆனாலும் வெற்றிலை, புகையிலை போட்டு ஈறு கெட்டுப்போன வாயாக இருந்தால், பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிட்டு மருந்தைத் தொடங்குவதே புத்தி.

இப்போது மலைக்கு வருவோம். ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்கு டெக்ஸா எண் பெரும்பாலும் கிடைக்கப்போவதில்லை. அது அவ்வளவு பெரிய நட்டம் இல்லை என்பது என் கருத்து. நின்ற உயரத்திலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தாலோ, பாரம் தூக்காமலே முதுகெலும்பு நசுங்கினாலோ அதுவே நோய்க்குச் சான்று. கருவி சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இளமையில் இருந்த உயரத்தில் நாலு சென்டிமீட்டர் குறைந்து, முதுகு கூன் விழுந்திருந்தால் சாதாரண எக்ஸ்ரே போதும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கூனை வயசான கோலம் என்று விட்டுவிடுகிறோம். திடீரென்று வந்த முதுகுவலியைப் ‘பிடிச்சிக்கிச்சு’ என்று தைலம் தேய்க்கிறோம். மணிக்கட்டு முறிந்தால் புத்தூர் கட்டு. வடதமிழ்நாட்டில் ஆந்திரத்துப் புத்தூருக்கு வண்டி கட்டிக்கொண்டு போகாத குடும்பம் குறைவு. மூங்கில் பத்தையும் முட்டைவெள்ளையும் பச்சிலையும் வைத்துக் கட்டி, பல மணிக்கட்டுகள் கூடிவிடுவதும் உண்மைதான். ஆனால் அங்கே யாரும் ‘55 வயசுல வாசல்ல வழுக்கி விழுந்ததுக்கே கை ஏன் முறிஞ்சிச்சு?’ என்று கேட்பதில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து அனுப்புகிறவர்களும் பெரும்பாலும் கேட்பதில்லை என்பதால் புத்தூரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

அந்த முதல் முறிவுதான் அடுத்ததற்கு முன்னறிவிப்பு. இடுப்பு முறிந்தவர்களை வைத்து 2007-இல் வெளியான ஆய்வில், ஆண்டுக்கொரு சோலிட்ரோனிக் ஊசி பெற்றவர்களில் புதிய முறிவு 8.6 சதவீதம், பெறாதவர்களில் 13.9. இறந்தவர்கள் 9.6 சதவீதம், 13.3 சதவீதம். முறிவு மட்டுமல்ல, சாவும் குறைந்தது. இந்த இடத்தில் ‘இயற்கையாகவே பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒருவர் அறிவுரை சொன்னால் அது மோசமான அறிவுரை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எந்த மருந்து என்பதை மலைதான் தீர்மானிக்க வேண்டும். வாராந்திர அலெண்ட்ரோனேட் மாத்திரையின் விதிமுறை இது: விடியற்காலை வெறும் வயிற்றில், ஒரு பெரிய தம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும், அரை மணிநேரம் காப்பி, கூழ் எதுவும் கூடாது, படுக்கவோ குனியவோ கூடாது. குனிந்தால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும். இப்போது அந்த அம்மாளின் விடியலை நினைத்துப் பாருங்கள். எழுந்தவுடன் வாசல் கூட்டுவது குனிந்து. சாணி அள்ளுவது குனிந்து. அடுப்பு ஊதுவது குனிந்து. குடத்தை எடுப்பது குனிந்து. நிமிர்ந்து அரை மணிநேரம் சும்மா இருக்கும் விடியல் அவருக்கு வாய்ப்பதில்லை. வெளிநாட்டு நகரங்களிலேயே ஓராண்டுக்குள் பாதிப் பேர் கைவிடும் மாத்திரை இது.

ஆண்டுக்கு ஒருமுறை, கால் மணிநேரத்துக்குக் குறையாமல் நரம்பில் ஏற்றும் சோலிட்ரோனிக் ஊசி இந்த வாழ்க்கைக்குப் பொருந்துகிறது. முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்புவலியும் பலருக்கு வரும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அடுத்த ஆண்டு ஆள் வர மாட்டார். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ரத்தம் பார்க்க வேண்டும். வைட்டமின் டி குறைவாக இருக்கையில் ஊசி போட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கிக் கைகால் இழுக்கும். அதை முதலில் சரிசெய்ய வேண்டும். இவ்வளவும் ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு ஆய்வகம் இருக்கும் இடத்தில் ஆகக்கூடியவை.

டெனோசுமாப் பற்றி நகரத்து மருத்துவர்கள் உற்சாகமாகப் பேசுகிறார்கள். ஆறு மாதத்துக்கொருமுறை தோலடி ஊசி, சிறுநீரகம் பழுதானவருக்கும் போடலாம், அடர்த்தி நன்றாக ஏறும். எல்லாம் சரி. ஆனால் ஒரு தவணை தள்ளிப்போனால் அடக்கிவைத்த எலும்புக் கரைப்பு ஒரே பாய்ச்சலில் திரும்பி, முதுகெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கலாம். மழையில் பாதை சரிந்து பஸ் நின்றுபோகும் ஊரில், கூலி வேலையும் மலையிறங்கும் செலவும் தவணையைத் தீர்மானிக்கும் வீட்டில், இந்த ஊசியைத் தொடங்குவது பொறுப்பற்ற செயல். டெரிபராடைட் தினசரி ஊசி, குளிர்பதனம் வேண்டும். மலைக்குப் பேச்சே இல்லை.

கேழ்வரகுக் கட்சிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 பட்டியலில் 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம். ஜவ்வாது மலையின் பேர்பெற்ற பயிரான சாமையில் அது 16-ஐச் சுற்றித்தான். தீட்டிய அரிசியில் 8-கூட இல்லை. சிறுதானியம் என்ற ஒரே பையில் எல்லாவற்றையும் போட்டு ‘எலும்புக்கு நல்லது’ என்று விற்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. களி இருந்த தட்டில் 2011 முதல் விலையில்லா ரேஷன் அரிசி அதிகமாக வந்து உட்கார்ந்ததில் பசி தணிந்தது, கால்சியம் போனது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளுக்கு 1,200 மில்லிகிராம் வேண்டும் என்று அதே ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை சொல்கிறது. களியும் முருங்கைக்கீரையும் திரும்பி வருவது நல்லது என்பதில் இரண்டு பேச்சில்லை.

ஆனால் அது மருந்துக்கு மாற்று இல்லை. கால்சியமும் வைட்டமின் டியும் மாத்திரையாகவே 36,282 அமெரிக்கப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்த 2006 ஆய்வில், இடுப்பு முறிவு குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. பிரண்டைத் துவையல் நாவுக்கு நல்லது, கிழவிகள் சொன்னதில் ஏதோ இருக்கவும் கூடும்; ஆனால் முறிவைத் தடுத்தது என்று நிறுவிய பெரிய ஆய்வு எதுவும் பிரண்டைக்கு இல்லை. சோற்றில் சேர்க்கலாம், சீட்டில் எழுதக் கூடாது. முழங்கால் வலிக்காக எலும்பு மாத்திரை கேட்கிறவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டும். மூட்டுத் தேய்மானம் வேறு நோய்; இந்த மருந்து அந்த வலியைத் தொடாது.

மாத்திரையோ களியோ அல்லாத மூன்றாவது ஒன்றுக்குத்தான் இந்த விவாதத்தில் வக்கீலே இல்லை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 70 வயதைத் தாண்டிய 306 பெண்களில் பாதிப் பேருக்கு உடனே கண்புரை அறுவை செய்து, மீதிப் பேரைக் காத்திருக்க வைத்தார்கள். 2005-இல் வந்த முடிவு: விழுவது 34 சதவீதம் குறைந்தது, முறிவு 12 பேரிலிருந்து 4 பேராகக் குறைந்தது. சிறிய ஆய்வுதான், இதை வைத்துக் கொடி பிடிக்க முடியாது. ஆனாலும் விழாத எலும்பு பெரும்பாலும் முறிவதில்லை. மழைக்காலத்துப் பாசி படிந்த சரிவில், விடிந்தும் விடியாத நேரத்தில், மங்கிய கண்ணோடு நடக்கும் 70 வயதுப் பெண்ணுக்கு இலவசக் கண் முகாம், எலும்பு அடர்த்தி முகாமைவிட அதிகம் செய்யும் என்றே நினைக்கிறேன்.

ஆக, சீட்டோடு திரும்பிய 60 வயது அம்மாளுக்கு, இதுவரை எதுவும் முறியாதவருக்கு, என் தீர்ப்பு: அந்த மாத்திரை இப்போது வேண்டாம். உயரம் பார்க்கட்டும், முதுகு கூனியிருந்தால் எக்ஸ்ரே எடுக்கட்டும், கண்ணைப் பார்க்கட்டும், களி தின்னட்டும். டெக்ஸா எடுக்க வாய்த்து, இடுப்பிலேயே மைனஸ் 2.5-க்குக் கீழே வந்தால் மறுபடி பேசலாம். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ ஸ்டீராய்டு மாத்திரை மாதக்கணக்கில் விழுங்குகிறவர், 45 வயதுக்குமுன் கர்ப்பப்பையோடு சினைப்பையும் எடுக்கப்பட்டவர் ஆகியோருக்கு இந்தப் பொறுமை பொருந்தாது; அவர்களைச் சீக்கிரம் அளக்க வேண்டும். ஆண்கள் என்றால் மருத்துவர்கள் அளக்கவே நினைப்பதில்லை. ரோத்தக்கின் 105 அதற்குப் பதில்.

அவருடைய 68 வயது அக்கா, போன மழையில் வழுக்கி இடுப்பு முறிந்து தகடு வைத்துக்கொண்டவர் என்றால், தீர்ப்பு நேர் எதிர். எண்ணுக்காகக் காத்திருக்காமல் ஊசியைத் தொடங்க வேண்டும். தகடு வைத்த ஆஸ்பத்திரி அதைச் சொல்லாமல் அனுப்பியிருந்தால் சிகிச்சை பாதியில் நிற்கிறது என்று பொருள்.

அரசு செய்ய வேண்டியதும் இந்த அக்காவிடமிருந்துதான் தொடங்குகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுபோகிறது, இயன்முறை சிகிச்சையும் தருகிறது. அதே பணியாளர் கையிலிருக்கும் பதிவேட்டில் ‘50 வயதுக்குமேல் விழுந்து முறிந்தவர்’ என்று ஒரு பத்தி சேர்த்தால், ஒவ்வொரு ஊரிலும் ஊசி யாருக்கு என்ற பட்டியல் டெக்ஸா இல்லாமலே கிடைத்துவிடும். அவர்களை ஆண்டுக்கு ஒருநாள் ஜமுனாமரத்தூருக்கு வரவழைத்து, ரத்தம் பார்த்து, ஊசி ஏற்றி, தொடையிலோ தொடையிடுக்கிலோ புதிதாக வலி இருக்கிறதா என்று கேட்டு அனுப்பலாம். மூன்றாவது ஊசி முடிந்தவர்களின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துத் தனியே வைக்க வேண்டும். பழக்கதோஷத்தில் நான்காவதைப் போட்டுவிடக் கூடாது. நிறுத்தியவருக்கு அதன்பின் உயரம் குறைகிறதா, புதிதாக ஏதும் முறிகிறதா என்று அதே பணியாளர் பார்த்து எழுதினால் போதும். குறைந்தால் ஊசி மறுபடி தொடங்கும்.